கப்பல், கறுப்பு அட்டை, தேவராஜ்

தொலைபேசியில் தேவராஜின் மனைவி கஸ்தூரி "மாமி" என்றாள். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுத் தொலைபேசி தறிக்கூடத்தை ஒட்டியே இருக்கிறது. பின்னால் தறிச் சத்தம் கேட்காமல் அந்த வீட்டோடு நான் ஒரு நாளும் பேசியதில்லை. அன்று சத்தம் இல்லை. வேலை நாள், காலை ஒன்பது மணி. அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவரு போயிட்டாரு மாமி. விடிகாலைல மூச்சு வாங்குதுன்னு எழுந்து குந்தினாரு. அவ்ளோதான்."

ஆட்டோ பிடித்துப் போனேன். கூட்டத்தில் எனக்கு வழிவிட்டார்கள். நான் போனால் இந்த ஊரில் வழிவிடுவார்கள். கஸ்தூரி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்: "இப்பவாவது சொல்லிடுங்க மாமி. வேணாம்னு தடுக்க அவரு இல்ல."

அதனால் எழுதுகிறேன். நம் படிப்பகத்தின் மாத ஏட்டில் இதை வெளியிடச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சின்னக் காஞ்சிபுரத்தில் தேரடிக்குப் பக்கத்தில் பதிமூன்று வருடம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த தேவராஜை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உங்களில் பாதிப் பேர் ஒரு கட்டத்தில் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினீர்கள். என் வார்த்தையை நம்பி நிறுத்தினீர்கள். கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரின் குரல் இருந்த கேசட்டை தேவராஜ் அழிக்கவில்லை.

நானும் என் கணவரும் அந்தக் கடைக்கு முதலில் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அவர் பொதுப்பணித்துறைப் பொறியாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எங்கள் இசைத்தட்டு இயந்திரத்துக்கு ஊசி கிடைப்பது நின்றுபோய்விட்டது. அதனால் இரண்டு இசைத்தட்டுகளைக் கேசட்டில் ஏற்றித் தரும்படி கேட்கப் போனோம். இரண்டும் வெளிநாட்டு ராக் குழுக்களுடையவை. ஒன்றின் அட்டையில் பாய்மரக் கப்பல். அது என்னுடையது. இன்னொன்றின் அட்டையில் படமே இல்லை, முழுக்கக் கறுப்பு. அது அவருடையது. கல்யாணமான நாலாம் வருடத்திலிருந்து இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று எங்களுக்குள் வழக்கு. அந்தக் குழுக்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. தேவராஜ் பிரதி எடுத்துக் கொடுத்து இரண்டும் ஊரெல்லாம் பரவிய பிறகும் யாரும் பெயர் சொல்லி அவற்றைக் கேட்டதில்லை. "கப்பல் குடுப்பா", "கறுப்பு அட்டை இருக்குதா" என்றுதான் கேட்டார்கள்.

நான் சென்னையில் கான்வென்டில் படித்தவள். கன்னியாஸ்திரிகள் பியானோ வாசிக்கக் கேட்டு வளர்ந்த காது எனக்கு. கப்பல் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து பாடினால் ஐந்து குரலும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு சொல் குழறாது. வயலின் வரும், பியானோ வரும். ஒவ்வோர் இசைத்தட்டிலும் புதிதாக ஏதாவது செய்வார்கள். கறுப்பு அட்டையில் நான்கு பேர். கிதார், இன்னொரு கிதார், டிரம்ஸ், ஒரு கரகரத்த குரல். முப்பது வருடமாக ஒரே இரைச்சல். இது என் கட்சி.

தேவராஜ் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டையும் முழுவதும் கேட்டார். இயந்திரத்தை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "முழுசா கேக்காத கேசட்ட நான் கையில குடுக்க மாட்டேன்" என்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "கப்பல்ல ஜரிகை ஜாஸ்தி மாமி. நூல் எங்க இருக்குதுன்னு தேட வேண்டியதா இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. "பாட்டு இங்கிலீஷ்ல இருக்கு. ஒரு வார்த்தை புரியாம நீங்க எப்படித் தீர்ப்பு சொல்றேள்?"

"பொடவைக்குத் தமிழ் தெரியுமா மாமி? நல்லாருக்குதா இல்லியான்னு கட்டுறவங்களுக்குத் தெரியுது."

என் கணவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கு அவரைத் தேட வேண்டுமென்றால் தேவராஜ் கடைக்குத்தான் போக வேண்டும். நானும் போவேன். ஸ்டூலில் உட்கார மாட்டேன். நின்றுகொண்டே சண்டை போடுவேன்.

எந்தக் குழு காலத்தைத் தாண்டி நிற்கும் என்பதை அளக்க தேவராஜிடம் ஒரு முறை இருந்தது. வேறு எந்த விமரிசகரிடமும் நான் அதைக் கண்டதில்லை. கடைக்குப் பழைய கேசட்டோடு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர், இதை அழித்துவிட்டுப் புதுப் படப் பாட்டுப் போட்டுக்கொடு என்பவர்கள். இன்னொரு வகையினர், நாடா அறுந்துவிட்டது, சிக்கிக்கொண்டது, ஒட்டிக்கொடு என்பவர்கள். "ஊருல ஆயிரம் சொல்லுவாங்க மாமி. அழிக்க வர்றது எது, ஒட்ட வர்றது எது, அத்த மட்டும் பாருங்க" என்பார். கப்பல் கேசட்டுகள் அழிக்க வந்தன. கறுப்பு அட்டைகள் ஒட்ட வந்தன.

ஒரு நாள் நான் இருக்கும்போதே தாமலிலிருந்து ஒருவர் வியர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார். மடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். நாடா குடல் சரிந்தாற்போல் வெளியே தொங்கியது.

"இன்னாண்ண, அழிக்கணுமா?" என்று தேவராஜ் வேண்டுமென்றே கேட்டார்.

"அழிக்கவா? உன்ன வெட்டிடுவேன். ஒட்டுய்யா. தறில உக்காந்தா இது இல்லாம காலு நவுர மாட்டேன்னுது."

தேவராஜ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குக் கோபமூட்டியது.

"இது சாட்சியே இல்லை" என்றேன். "கப்பல் கேக்கறவா கேசட்டை ஒழுங்கா வெச்சுப்பா. அதனால அறுந்து வராது. உங்க ஆளுக்குத் தறி ஓட்ட ஒரு தாளம் வேணும், அவ்வளவுதான். அது பாட்டோட பெருமையா, தறியோட பெருமையா?"

"தறிகிட்டயே இத்தினி நாளு ஒரு பாட்டு தாக்குப் புடிக்குதுன்னா, அது யாரு பெருமைன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பிளேடால் நாடாவின் இரு நுனிகளையும் சாய்வாக நறுக்கி ஒட்டி, நகத்தால் ஒரு முறை நீவி, தாமல்காரரிடம் கொடுத்தார். ஒட்டு தெரியவில்லை.

இந்த வழக்கைத்தான் நம் படிப்பக ஆண்டு விழாவில் பட்டிமன்றமாக வைத்தீர்கள். "காலத்தை வெல்வது கப்பலா, கறுப்பு அட்டையா?" கணவரும் மனைவியும் எதிரெதிர் அணி என்று கேள்விப்பட்டு மாகறலிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பாட்டுகளின் துண்டுகளை ஒலிபரப்பியதும், முழுக் கூட்டத்தையும் பதிவு செய்ததும் தேவராஜ். கேசட்டின் முதல் பக்கத்தில் நான் பேசியது. மறுபக்கத்தில் என் கணவர் பேசியது. நான் குறிப்பு வைத்துப் பேசினேன். அவர் சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டு, சிரிப்பும் இருமலுமாகப் பேசினார். தீர்ப்பு எனக்கு.

விழா முடிந்து மேடையை ஒட்டி நின்றிருந்தோம். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும், பக்கத்துக்கு ஒன்றாக. காது என்பார்கள். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே எதையும் பதிய முடியாது. பதிவுப் பொத்தான் அமுங்கவே அமுங்காது. தேவராஜ் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு காதையும் உடைச்சிடட்டுமா மாமி?" என்று கேட்டார்.

"என் பக்கத்தை உடையுங்கோ" என்றேன். "அவர் பக்கம் வேண்டாம். நாளைக்கு நல்ல பாட்டு ஏதாவது பதிஞ்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தீர்கள். அவரும்தான் சிரித்தார். தேவராஜ் ஒரு காதை மட்டும் உடைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு என் கணவர் இல்லை. சிரிப்போடு வந்துபோன இருமல் நெஞ்சில் நின்றது. மூன்று நாள் மருத்துவமனை; நான்காம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காரியங்கள் முடிந்த பிறகு அந்தக் கேசட்டை எடுத்துப் பார்த்தேன். நாடா உள்ளே சிக்கியிருந்தது. அவர் குரல் வேறெங்கும் இல்லை. போட்டோ இருந்தது, கண்ணாடி இருந்தது, நடைப்பயிற்சிச் செருப்பு இருந்தது. குரல் அந்த ஒரு பக்கத்தில்தான். தேவராஜிடம் கொடுத்தேன். மறுநாளே சரி செய்து, வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். "முழுசா கேட்டுட்டேன் மாமி. சார் நல்லா பேசறாரு" என்றார். பேசினார் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

அதைக் கேட்கும் துணிவு எனக்கு உடனே வரவில்லை. ஐந்து மாதம் அலமாரியில் இருந்தது. ஒரு நாள் பிற்பகல், கதவைச் சாத்திவிட்டு டூ-இன்-ஒன்னில் போட்டேன். முதலில் என் பக்கத்தை ஓடவிட்டேன். அது முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் வெற்று நாடா இருக்கும் என்று காத்திருந்தேன். பிறகும் கேட்கவில்லை. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. அரை மணி கழித்துத் தானாக நின்றது. பின்னுக்குச் சுற்றி மறுபடி ஓடவிட்டேன். உஸ்ஸென்ற ஓசை, அதற்கடியில் ஏதோ விசிறி சுற்றுவதுபோல். இரண்டு நிமிடம் கேட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் தேவையிருக்கவில்லை. ரிப்பேர் செய்கிறேன் என்று சொல்லி, எதையோ பதியப் போய் அழித்துவிட்டு, தெரியாததுபோல் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய எனக்கு நேரம் ஆவதில்லை.

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்; உங்களிலும் இரண்டு பேர் அங்கே இருந்தீர்கள். கேசட்டை அவர் மேஜைமேல் போட்டேன்.

"அழிச்சுட்டே" என்றேன். "அவர் குரலை நீ அழிச்சுட்டே."

அதுவரை அவரை நான் நீங்கள் என்றுதான் சொல்லி வந்தேன். அன்று விட்டது. அவர் முகம் மாறியது அந்தப் பழிக்கா, அந்த 'நீ'க்கா என்று எனக்குத் தெரியாது.

"இருக்காது மாமி. நான் கேட்டுதானே குடுத்தேன்?"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா? வெச்சிட்டுப் போங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் போனேன். அன்றும் ஆட்கள் இருந்தார்கள். நான் வேண்டுமென்றே கூட்டமான நேரம் பார்த்துத்தான் போனேன். தேவராஜ் என் கண்ணைப் பார்க்கவில்லை. மேஜையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா மாமி. என் தப்புதான்" என்றார்.

"வாயால மன்னிப்புக் கேக்கக்கூடத் தெரியாதா?"

"மன்னிச்சிடுங்க."

கேசட்டைத் திருப்பி நீட்டினார். "வெறும் கேசட்டை வெச்சு நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு நான் செய்தது உங்களுக்குத் தெரியும். படிப்பகக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நம் கூட்டங்களைப் பதிவு செய்ய வேறு ஆளை ஏற்பாடு செய்தீர்கள். கல்யாண வீடுகளில், சஷ்டியப்தபூர்த்தி வீடுகளில் பெரியவர்கள் பேசியதை அவரிடம்தான் பிரதி எடுக்கக் கொடுப்பார்கள், அது நின்றது. "மாமி வீட்டுக் கேசட்டையே காலி பண்ணவன்கிட்டயா குடுக்கற?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டதை என் காதாலேயே கேட்டேன். கேட்டு, நியாயம்தான் என்று நினைத்தேன். ஏழு வருடம் தேரடி வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தேன். கடைக்குள்ளிருந்து கறுப்பு அட்டை பாடிக்கொண்டிருக்கும். என்னைப் பார்த்ததும் சத்தம் குறையும். அதையும் குற்ற உணர்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு குறுந்தகடு வந்தது. அவர் கடையை மூடினார். வீட்டோடு தறியில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் கஸ்தூரி என் வீட்டுக்கு வந்தாள். பழைய பேப்பரில் சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"கடையைக் காலி பண்றோம் மாமி. அடுத்தவங்க சரக்கு ஒண்ணும் நம்மகிட்ட இருக்கக் கூடாதுன்னு சொன்னாரு."

அதே கேசட். குப்பையில் போடத்தான் எடுத்தேன். எதையும் ஒரு முறை சரிபார்க்காமல் போடும் வழக்கம் எனக்கு இல்லை. திருப்பிப் பார்த்தேன். இரண்டு காதும் உடைந்திருந்தன.

என் பக்கத்துக் காது உடைந்திருப்பது சரி. மறுபக்கத்துக் காதை யார் உடைத்தது? ஏன்? வெறும் நாடாவின் காதை யாராவது உடைப்பார்களா? அதுவும் தேவராஜ்? காது உடைந்த கப்பல் கேசட்டுகளை அழிக்கக் கொண்டுவந்தால், அந்த ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டி மறுபடி பதிந்து கொடுத்தவர் அவர். காதின் அர்த்தம் அவரைவிட யாருக்குத் தெரியும்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்குத் தப்பினால் எனக்குத் தூக்கம் வராது.

என் டூ-இன்-ஒன் பழுதாகிக் கிடந்தது. காலையில் நேராக அவர் வீட்டுக்கே போனேன். தறியை நிறுத்திவிட்டு எழுந்தார். முடி நரைத்திருந்தது. "வாங்க மாமி" என்றார், ஏழு வருடம் நடுவில் இல்லாததுபோல்.

"இதை ஓடவிடணும்" என்றேன்.

அவர் கேசட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணாமே மாமி."

"ஓடவிடணும்."

கையைத் துடைத்துக்கொண்டு கேசட்டை வாங்கினார். பிறகு உள்ளறையில் தன் இயந்திரத்தில் கேசட்டைப் போட்டு, எந்தப் பொத்தான் என்று காட்டினார். "கஸ்தூரி, வா, கொஞ்சம் வெளிய இருக்கலாம்" என்று அவளையும் அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். "நான் ஒருவாட்டி கேட்டுட்டேன்" என்று கதவுக்கு அப்பாலிருந்து சொன்னார். "அது போதும்."

உஸ்ஸென்ற ஓசை. விசிறி. இரண்டு நிமிடம் தாண்டியது. பெருமாள் கோயில் மணி. தெருவில் கீரைக்காரியின் குரல். அது எங்கள் தெருக் கீரைக்காரி. அந்த விசிறியின் கிறீச்சும் எங்கள் கூடத்து விசிறி. பிறகு ஒரு பெண் பேசினாள்.

பழைய டூ-இன்-ஒன் இயந்திரங்களில் மைக்கும் உள்ளேயே இருக்கும்; பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியவள் சிவப்பை அழுத்தியிருக்கிறேன். அவர் குரல் வருமென்று நான் காத்திருந்த அந்த அரை மணியும், இயந்திரம் அவர் குரலை அழித்து அதன்மேல் என்னைப் பதிந்துகொண்டிருந்தது. அந்தக் காது உடைந்திருந்தால் சிவப்புப் பொத்தான் அமுங்கியே இருக்காது. அவர் பக்கம் வேண்டாம் என்றவள் நான்.

அன்று எங்கள் கூடத்தில் தனியாக என் கணவரோடு என்னென்ன பேசினேன் என்பதை எழுதப்போவதில்லை. அழுதேன். என்னை யாரும் அழுது பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை. நாடாவின் முடிவில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது தேவராஜுக்குச் சேர வேண்டியது. "ஒத்துண்டேன். உங்க கறுப்பு அட்டைதான் ஜெயிச்சது. இப்பவாவது பேசுங்கோ" என்று கெஞ்சியிருக்கிறேன். அதற்குப் பிறகு விசிறி மட்டும்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

"அன்னிக்கே முழுக்கக் கேட்டுட்டேளா?" என்றேன்.

"முழுசா கேக்காம இருப்பனா?"

"அப்போ கடைல எல்லார் முன்னாலயும் இதை ஓடவிட்டிருக்கலாமே. ஒரு நிமிஷம் ஓடியிருந்தாப் போதுமே, உங்க மேல தப்பில்லைன்னு தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்" என்றார். "நீங்க அழுவறதும் தெரிஞ்சிருக்கும்."

"என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்."

அவர் கையில் ஒட்டியிருந்த பட்டிழை ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "சாரு குரலு உங்க கையாலயே போச்சுன்னு அப்ப தெரிஞ்சிருந்தா நீங்க தாங்கியிருப்பீங்களா மாமி? நான் அழிச்சேன்னு இருந்தா என்னைத் திட்டிக்கினு இருக்கலாம். ஒரு புடிப்பு. உங்களையே திட்டிக்கினு எத்தினி நாளு இருப்பீங்க?"

"அதுக்காகப் பொய் சொன்னேளா?"

"பொய் ஒண்ணும் சொல்லல. ரிப்பேருக்கு வந்தப்பவே பார்த்தேன், அந்தப் பக்கத்துக் காது உடையாம இருக்குது. உடைச்சிடலாம்னு கை போச்சு. நீங்க வேணாம்னு சொன்னது ஞாபகம் வந்திச்சு. சொல்லாம உடைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். உடைச்சிருக்கணும். அது என் தப்புதானே?"

"இப்போ மட்டும் என்கிட்டக் கேட்டா உடைச்சேள்?"

"மறுபடியும் அதே தப்பைப் பண்ணுவனா?" என்றார். பட்டிழையை விரலிலிருந்து கழற்றிக்கொண்டே, "நீங்க காதைப் பாப்பீங்கன்னு நினைக்கல" என்றார்.

"நான் பாக்க மாட்டேனா?"

"அதானே. உங்களைப் போயி அப்படி நினைச்சேன் பாருங்க." பிறகு, கஸ்தூரி கொண்டுவந்த தம்ளரை வாங்கி என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: "'நீ'லேந்து மறுபடி 'நீங்க' ஆயிட்டேன் போல இருக்குதே."

படிப்பகத்தில் எழுந்து உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். தலையை அசைத்தார். "வேணாம் மாமி. கேசட்ல இன்னா இருந்திச்சுன்னு கேப்பாங்க. நீங்க ஒண்ணைப் பாதி சொல்ற ஆளு இல்ல. கடையே மூடியாச்சு. இனிமே யாருக்கு இன்னா?"

"யாருக்கு இன்னாவா?" என்று கஸ்தூரி சீறினாள். "ஏழு வருசம் கண்ணாலத்துக்கு போன எடத்துல எல்லாம் என்னைப் பார்த்து சாடையாப் பேசினாங்களே, அது யாருக்கு?"

"நீ கம்னு இரு" என்றார் அவர்.

அவர் தடுத்ததால் சொல்லவில்லை என்று நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு காலத்தில் கண்டிப்பான கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதால் இதையும் சொல்கிறேன். அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போனேன். பேசினேன், சாப்பிட்டேன், சண்டை போட்டேன். படிப்பகக் கூட்டங்களுக்கும் வந்தேன், முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்க நினைத்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் நன்றியுரை வந்துவிட்டது.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். மூச்சு இரைப்பு அதிகமாகித் தறியில் உட்கார முடியாமல் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாட்டு ஏதாவது போடட்டுமா என்று கேட்டார்.

"கறுப்பு அட்டை போடுங்கோ" என்றேன்.

"எனக்கு உடம்பு சரியில்லன்றதுக்காகப் பொய் சொல்லாதீங்க மாமி. கப்பல் போடறேன்."

கப்பல்தான் போட்டார். ஐந்து குரலும் தனித்தனியாகக் கேட்டன. பாதியில், "நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஜரிகைன்னா ஜரிகைதான்." அவர் கையில் என் தோல்வி ஏழு வருடம் இருந்தது. என் குரலிலேயே, என் வாக்குமூலமாகவே இருந்தது. அதைக் கொண்டு அவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் வழக்கில் என்னை ஒரு முறை மடக்கக்கூட இல்லை. அவ்வளவு வருடம் வாதாடிய ஒரு மனிதர், கையில் தீர்ப்பை வைத்துக்கொண்டு, எதிராளியின் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, இரண்டு குழுக்களில் எது உயர்ந்தது என்று இன்றைக்குக் கேட்டால் கப்பல் என்றுதான் சொல்வேன். அந்த ஐந்து குரல்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் எது நிற்கும் என்று கேட்டால் தேவராஜின் அளவுகோலைத்தான் எடுப்பேன். அழிக்கப் போனவள் நான். ஒட்டி வைத்தவர் அவர். அவர் வீட்டுக்கு இன்னும் துக்கம் விசாரிக்கப் போகாதவர்கள் போங்கள். கஸ்தூரியைப் பார்த்து, மாமி எழுதியதைப் படித்தோம் என்று சொல்லுங்கள். அவளுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

அந்தக் கேசட்டை நான் வைத்திருக்கிறேன். ஓடவிட இப்போது என்னிடம் இயந்திரம் இல்லை; வாங்கவும் போவதில்லை. ஒரு பக்கத்தில் ஜெயித்த நான் இருக்கிறேன், மறுபக்கத்தில் தோற்ற நான். இரண்டு காதும் உடைந்திருக்கின்றன. ஒன்றை நான் உடைக்கச் சொன்னேன், இன்னொன்றை அவராக உடைத்தார். அந்த ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடியும் அழிக்கலாம் என்பது அவர் கடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். என் வீட்டில் இப்போது செலோடேப் கிடையாது.